மனச்சிதைவு நோயில் ஏரோபிக் உடற்பயிற்சியும் அறிதிறன் செயல்பாடும்

வேக நடை, மெல்லோட்டம், மிதிவண்டி ஓட்டுதல், நீச்சல் போன்றவை இதயத்துடிப்பையும் மூச்சையும் தொடர்ந்து பல நிமிடங்களுக்கு உயர்த்தி வைக்கும் பயிற்சிகளாகும். இவை ஏரோபிக் உடற்பயிற்சி எனப்படும். மனச்சிதைவு நோய் உள்ளவர்களின் கவனம், நினைவாற்றல், பிறர் மனநிலையை உணரும் திறன் ஆகியவற்றை மேம்படுத்த இப்பயிற்சி மருந்துகளுக்குத் துணையான சிகிச்சையாக ஆராயப்பட்டு வருகிறது. மாயக்குரல், மிகைச் சந்தேகம் போன்ற அறிகுறிகளைக் கட்டுப்படுத்தும் மருந்துகள், இந்நோயின் அறிதிறன் குறைபாட்டைப் பெரிதாக மாற்றுவதில்லை. அக்குறைபாட்டுக்கென ஒப்புதல் பெற்ற மருந்து எதுவும் இதுவரை இல்லை. எனவே, செலவு குறைந்ததும் உடல்நலத்துக்கும் உகந்ததுமான உடற்பயிற்சியின் மீது ஆய்வாளர்கள் கவனம் செலுத்தியுள்ளனர்.

2010 முதல் வெளிவந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தால், ஏரோபிக் உடற்பயிற்சியால் அறிதிறனில் சிறிய அளவு முதல் நடுத்தர அளவு வரையிலான முன்னேற்றம் ஏற்படுவதாகத் தெரிகிறது. இம்முன்னேற்றம் எல்லாத் திறன்களிலும் ஒரே அளவில் ஏற்படுவதில்லை. எல்லா ஆய்வுகளும் ஒரே முடிவைத் தரவும் இல்லை. உடற்பயிற்சி மருந்துக்கு மாற்று அன்று.

மனச்சிதைவு நோயும் அறிதிறன் குறைபாடும்

மனச்சிதைவு நோய் உலகில் சுமார் 2.4 கோடிப் பேரை, அதாவது ஏறக்குறைய 300 பேரில் ஒருவரைப் பாதிப்பதாக உலக சுகாதார நிறுவனம் 2022இல் மதிப்பிட்டது. பெரும்பாலும் பதின்பருவத்தின் பிற்பகுதியிலோ இருபதுகளிலோ இந்நோய் வெளிப்படுகிறது. இதன் அறிகுறிகளை மூன்று வகையாகப் பிரிப்பது வழக்கம்.

- நேர்மறை அறிகுறிகள்: இல்லாத குரல்கள் கேட்டல், உண்மைக்குப் புறம்பான உறுதியான நம்பிக்கைகள், தொடர்பற்ற பேச்சு. இங்கு "நேர்மறை" என்பது நல்லது என்ற பொருளில் வருவதில்லை. இயல்பு நிலையில் இல்லாத ஒன்று கூடுதலாகச் சேர்வதை அது குறிக்கும்.
- எதிர்மறை அறிகுறிகள்: ஊக்கமின்மை, உணர்ச்சி வெளிப்பாடு குறைதல், பேச்சுக் குறைதல், தனித்து ஒதுங்குதல்.
- அறிதிறன் குறைபாடு: கவனம், நினைவு, சிந்தனை வேகம், திட்டமிடல் ஆகியவற்றில் ஏற்படும் தளர்ச்சி.

இவற்றுள் மூன்றாவது வகை நீண்ட காலம் போதிய கவனம் பெறவில்லை. ஆனால் இந்நோயை முதலில் வரையறுத்தவர்களில் ஒருவரான ஜெர்மானிய மனநல மருத்துவர் எமில் கிரேப்பலின், 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் இதற்கு இட்ட பெயரே "இளம்வயது அறிவுத்தளர்ச்சி" என்ற பொருள் கொண்டது. 1908இல் சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த ஆய்கன் புளூலர் "ஸ்கிசோஃப்ரினியா" என்ற இன்றைய பெயரை முன்வைத்தார். 1950களில் குளோர்புரோமசின் என்ற மருந்து பயன்பாட்டுக்கு வந்தது. அதன்பின் மாயக்குரல்களையும் மருட்சியையும் அடக்குவதே சிகிச்சையின் முதன்மை நோக்கமாயிற்று. அவை அடங்கிய பின்னும் பலர் படிப்பையோ வேலையையோ தொடர இயலாமல் இருப்பது ஏன் என்ற கேள்வி, அறிதிறன் குறைபாட்டின் மீது மீண்டும் கவனத்தைத் திருப்பியது.

அளவிடும் முறை

அமெரிக்க தேசிய மனநல நிறுவனத்தின் ஆதரவில் "மேட்ரிக்ஸ்" என்ற திட்டத்தின் கீழ் உருவாக்கப்பட்ட தேர்வுத் தொகுப்பு 2008இல் வெளியிடப்பட்டது. இதில் 10 தேர்வுகள் உள்ளன. அவை ஏழு களங்களை அளவிடுகின்றன:

1. தகவலைக் கையாளும் வேகம்
2. கவனமும் விழிப்பும்
3. செயல்நிலை நினைவு (ஒரு தகவலை மனத்தில் வைத்துக்கொண்டே அதைக் கையாளுதல்)
4. சொல்வழிக் கற்றல்
5. காட்சிவழிக் கற்றல்
6. காரணம் காணலும் சிக்கல் தீர்த்தலும்
7. சமூக அறிதல் (பிறரின் உணர்ச்சியையும் எண்ணத்தையும் புரிந்துகொள்ளுதல்)

இத்தகைய தேர்வுகளில் மனச்சிதைவு நோய் உள்ளவர்களின் சராசரி மதிப்பெண், அதே வயதுள்ள மற்றவர்களின் சராசரியைவிட ஏறத்தாழ 1 முதல் 1.5 நியமவிலக்கம் குறைவாக இருப்பது பொதுவாகக் காணப்படுகிறது. இது சராசரி மட்டுமே. நோய் இருந்தும் இயல்பான அளவில் மதிப்பெண் பெறுவோரும் உள்ளனர். குறைபாட்டின் ஒரு பகுதி, நோய் வெளிப்படையாகத் தொடங்குவதற்கு முன்பே இருப்பதும் அறியப்பட்டுள்ளது.

அன்றாட வாழ்வில் விளைவு

கடைக்குச் சென்றவர் வாங்க வேண்டிய நான்கு பொருள்களில் இரண்டை மறந்துவிடலாம். மேலாளர் அடுத்தடுத்துச் சொல்லும் மூன்று கட்டளைகளில் முதலாவது மட்டும் மனத்தில் நிற்கலாம். பேருந்தில் மாறிச் செல்ல வேண்டிய இடத்தைத் தவறவிடலாம். உறவினர் வேடிக்கையாகச் சொன்னதைக் கோபமாக எடுத்துக்கொள்ளலாம். வீட்டிலுள்ளவர்கள் இவற்றைச் சோம்பல், அக்கறையின்மை, பிடிவாதம் என்று கருதிவிடுவதுண்டு. உண்மையில் இவை நோயின் ஒரு பகுதியாகும்.

அமெரிக்க உளவியலாளர் மைக்கேல் கிரீன் 1996இல் வெளியிட்ட மதிப்பாய்வு, அறிதிறனுக்கும் சமூக வாழ்வு, வேலை, புதிய திறன்களைக் கற்றல் ஆகியவற்றுக்கும் இடையே தெளிவான தொடர்பு இருப்பதை எடுத்துக்காட்டியது. ஒருவர் தனித்து வாழ்வாரா, வேலையில் நீடிப்பாரா என்பதை, மாயக்குரல்களின் தீவிரத்தைவிட அறிதிறனே நன்கு முன்னுணர்த்துவதாகப் பல ஆய்வுகள் கூறுகின்றன. எனவே அறிதிறனில் ஏற்படும் சிறு முன்னேற்றமும் பொருட்படுத்தத் தக்கது.

மருந்துகளின் எல்லை

மனச்சிதைவு நோய்க்கான மருந்துகளில் பெரும்பாலானவை மூளையில் டோபமின் ஏற்பிகளின் செயலைக் குறைக்கின்றன. இவை நேர்மறை அறிகுறிகளில் நன்கு பயன்படுகின்றன. நோய் மீண்டும் தீவிரமடைவதைத் தடுக்கின்றன. அறிதிறனில் இவற்றின் பயன் மிகக் குறைவு. கைநடுக்கம், தசை இறுக்கம் போன்ற பக்கவிளைவுகளுக்காக இந்தியாவில் பரவலாகக் கொடுக்கப்படும் ட்ரைஹெக்சிஃபெனிடில் போன்ற மருந்துகள் நினைவாற்றலைச் சற்றுக் குறைக்கவும் கூடும்.

ஒலான்சபின், குளோசபின் முதலிய சில மருந்துகள் உடல் எடையையும் நீரிழிவுக்கான வாய்ப்பையும் கூட்டுகின்றன. மனச்சிதைவு நோய் உள்ளவர்களின் சராசரி ஆயுள், மற்றவர்களைவிட 10 முதல் 20 ஆண்டுகள் குறைவு என மதிப்பிடப்படுகிறது. இதற்கு முக்கியக் காரணங்களில் ஒன்று இதய, இரத்தநாள நோய்கள். உடல் அசைவின்மை இதை மேலும் மோசமாக்குகிறது. 2016இல் வெளிவந்த ஒரு தொகுப்பாய்வின்படி, உளப்பிணி உள்ளவர்கள் விழித்திருக்கும் நேரத்தில் நாளொன்றுக்குச் சராசரியாக 11 மணி நேரம் உட்கார்ந்தோ படுத்தோ கழிக்கின்றனர். ஆகவே அறிதிறனுக்குப் பயன் இருந்தாலும் இல்லாவிட்டாலும், இவர்களுக்கு உடற்பயிற்சி தேவை என்பதில் கருத்து வேறுபாடு இல்லை.

மூளையில் உடற்பயிற்சியின் செயல்

உடற்பயிற்சி மூளையை எவ்வாறு மாற்றுகிறது என்பதற்கான முதல் தெளிவான சான்றுகள் விலங்கு ஆய்வுகளிலிருந்து கிடைத்தன. 1999இல் அமெரிக்காவின் சால்க் நிறுவனத்தில் நடந்த ஆய்வில், சுழல்சக்கரத்தில் ஓடிய எலிகளின் ஹிப்போகாம்பஸ் பகுதியில் புதிய நரம்பணுக்கள் அதிகம் உருவாயின; அவற்றின் கற்றல் திறனும் கூடியது. ஹிப்போகாம்பஸ் என்பது மூளையின் இருபுறமும் பொட்டுப்பகுதியின் உட்புறத்தில் கடற்குதிரை வடிவில் அமைந்த உறுப்பு. புதிய நினைவுகளைப் பதிய வைப்பதில் இதற்கு முதன்மையான பங்கு உண்டு.

மனிதர்களில், 120 முதியவர்களைக் கொண்டு அமெரிக்காவில் நடத்தப்பட்டு 2011இல் வெளியான ஆய்வு குறிப்பிடத்தக்கது. ஓராண்டு நடைப்பயிற்சி செய்தவர்களின் ஹிப்போகாம்பஸ் ஏறத்தாழ 2% பெரிதாகியது. உடலை நீட்டி வளைக்கும் பயிற்சிகளை மட்டும் செய்தவர்களில் அது சுருங்கியது. மனச்சிதைவு நோயில் ஹிப்போகாம்பஸின் கன அளவு சராசரியாகச் சற்றுக் குறைந்திருப்பது படமெடுப்பு ஆய்வுகளில் மீண்டும் மீண்டும் கண்டறியப்பட்ட ஒன்று. எனவே இந்நோயிலும் உடற்பயிற்சி அதே பயனைத் தருமா என்ற கேள்வி இயல்பாகவே எழுந்தது.

பயிற்சி செயல்படக்கூடிய வழிகளாகப் பின்வருவன கருதப்படுகின்றன:

- நரம்பு வளர்ச்சிக் காரணி: மூளைசார் நரம்பு வளர்ச்சிக் காரணி என்னும் புரதம் (சுருக்கமாக பிடிஎன்எஃப்) நரம்பணுக்கள் உயிர்வாழவும் ஒன்றோடொன்று இணைப்பை வலுப்படுத்தவும் உதவுகிறது. மனச்சிதைவு நோய் உள்ளவர்களின் இரத்தத்தில் இது சராசரியாகக் குறைந்து காணப்படுகிறது. உடற்பயிற்சி இதனைக் கூட்டக்கூடும்.
- இரத்த ஓட்டம்: தொடர் பயிற்சி மூளைக்குச் செல்லும் இரத்த ஓட்டத்தை மேம்படுத்துகிறது, விலங்குகளில் புதிய நுண்குழல்கள் உருவாவதும் காணப்பட்டுள்ளது.
- வளர்சிதை மாற்றமும் அழற்சியும்: அதிக எடை, இன்சுலின் எதிர்ப்பு, நாட்பட்ட அழற்சி ஆகியவை அறிதிறனைப் பாதிக்கக்கூடியவை. பயிற்சி இவற்றைக் குறைக்கிறது.
- உறக்கமும் மனநிலையும்: நல்ல உறக்கமும் குறைந்த மனச்சோர்வும் கவனத்தைக் கூட்டும்.

இவற்றுள் எது முதன்மையானது என்பது இன்னும் உறுதியாகவில்லை. பல வழிகள் ஒருசேரச் செயல்படுவதாகவே கருதப்படுகிறது.

முக்கிய ஆய்வுகள்

2010 ஜெர்மனி ஆய்வு

ஃபிராங்க் பாயோங்க் தலைமையிலான குழு 2010இல் வெளியிட்ட ஆய்வு இத்துறையில் ஒரு திருப்புமுனை. மனச்சிதைவு நோய் உள்ள 8 ஆண்கள் 3 மாதங்களுக்கு, வாரம் மூன்று முறை, ஒவ்வொரு முறையும் 30 நிமிடங்கள் நிலைமிதிவண்டி ஓட்டினர். நோய் உள்ள வேறு 8 பேர் அதே நேரத்தில் மேசைக் கால்பந்து விளையாடினர். நோயற்ற 8 பேரும் மிதிவண்டி ஓட்டினர். எம்ஆர்ஐ படங்களில், மிதிவண்டி ஓட்டிய நோயாளிகளின் ஹிப்போகாம்பஸ் 12% பெரிதாகியிருந்தது. நோயற்றவர்களில் இது 16%. மேசைக் கால்பந்து ஆடியவர்களில் வளர்ச்சி இல்லை. ஹிப்போகாம்பஸ் பெரிதானவர்களின் குறுகியகால நினைவும் மேம்பட்டிருந்தது.

நாட்பட்ட மனச்சிதைவு நோயிலும் மூளை தன்னை மாற்றிக்கொள்ளும் ஆற்றலை இழந்துவிடவில்லை என்பதற்கு இது சான்றாகக் கொள்ளப்பட்டது. எனினும் மொத்தம் 24 பேர் மட்டுமே இதில் பங்கேற்றனர்.

மறுபரிசோதனைகள்

பிற குழுக்களால் இம்முடிவை அப்படியே மீண்டும் பெற முடியவில்லை. நெதர்லாந்தில் 6 மாதங்கள் நடந்து 2013இல் வெளியான ஆய்வில், பயிற்சிக் குழுவின் ஹிப்போகாம்பஸ் பெரிதாகவில்லை. ஆனால் இதய, நுரையீரல் திறன் எவருக்குக் கூடியதோ அவருடைய மூளைக் கன அளவு இழப்பு குறைவாக இருந்தது. ஜெர்மனியில் பெரன்ட் மால்ஹோவ் குழு, மிதிவண்டிப் பயிற்சியுடன் கணினிவழி அறிதிறன் பயிற்சியையும் சேர்த்து 3 மாதங்கள் நடத்தியது. அதிலும் ஹிப்போகாம்பஸ் வளரவில்லை. ஆயினும் பங்கேற்றவர்களின் அன்றாடச் செயல்பாடு மேம்பட்டது. இதனால், உறுப்பின் அளவு மாறாமலேயே செயல்பாடு மாற இயலும் என்பது புலனாயிற்று.

நியூயார்க் ஆய்வு

கொலம்பியா பல்கலைக்கழகத்தில் டேவிட் கிம்ஹி குழு 2015இல் வெளியிட்ட ஆய்வில் 33 பேர் பங்கேற்றனர். ஒரு குழு 12 வாரங்கள், வாரம் மூன்று முறை, ஒரு மணி நேரப் பயிற்சி மேற்கொண்டது. ஓடுபொறி, நிலைமிதிவண்டி ஆகியவற்றுடன், திரையில் தோன்றும் உருவத்தை உடலசைவால் இயக்கும் காணொளி விளையாட்டுகளும் பயன்படுத்தப்பட்டன. பயிற்சிக் குழுவின் ஏரோபிக் திறன் 18% கூடியது. மேட்ரிக்ஸ் தேர்வின் மொத்த மதிப்பெண் 15.1% உயர்ந்தது. வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களின் மதிப்பெண் 2% குறைந்தது. உடல்திறனிலும் பிடிஎன்எஃப் அளவிலும் ஏற்பட்ட உயர்வு, அறிதிறன் முன்னேற்றத்துடன் தொடர்புற்றிருந்தது.

ஹாங்காங் ஆய்வு

2015இல் வெளியான ஹாங்காங் ஆய்வு, உளப்பிணியின் தொடக்க நிலையில் இருந்த 140 பெண்களை யோகா, ஏரோபிக் பயிற்சி, காத்திருப்போர் என மூன்று குழுக்களாகப் பிரித்தது. 12 வாரங்களுக்குப் பின், யோகா குழு, ஏரோபிக் குழு இரண்டிலும் செயல்நிலை நினைவு மேம்பட்டிருந்தது. யோகா செய்தவர்களுக்குச் சொல்வழிக் கற்றலிலும் கவனத்திலும் கூடுதல் பயன் கிடைத்தது.

டெல்லி ஆய்வு

இந்தியாவில், டெல்லி ராம் மனோகர் லோகியா மருத்துவமனையை மையமாகக் கொண்டு நடத்தப்பட்டு 2017இல் வெளியான ஆய்வில் 286 பேர் சேர்க்கப்பட்டனர். யோகா, உடற்பயிற்சி, வழக்கமான சிகிச்சை மட்டும் என மூன்று குழுக்கள் அமைக்கப்பட்டன. 21 நாள்கள் மட்டுமே பயிற்சி அளிக்கப்பட்டது. அதன் பின் 6 மாதங்கள் வரை அறிதிறன் கண்காணிக்கப்பட்டது. யோகா, உடற்பயிற்சி இரண்டுமே அறிதிறனின் சில கூறுகளில் பயன் தந்தன. எந்தக் கூறில் என்பது குழுவுக்குக் குழு வேறுபட்டது. 

2017 தொகுப்பாய்வு

ஜோசப் ஃபர்த் தலைமையில் 2017இல் வெளியான தொகுப்பாய்வு, 10 ஆய்வுகளில் பங்கேற்ற 385 பேரின் தரவுகளை ஒன்றுசேர்த்தது. மொத்த அறிதிறனில் விளைவு அளவு 0.33 எனக் கணக்கிடப்பட்டது. தனித்தனியாகப் பார்த்தபோது சமூக அறிதலில் 0.71, கவனத்திலும் விழிப்பிலும் 0.66, செயல்நிலை நினைவில் 0.39 என முன்னேற்றம் காணப்பட்டது. தகவல் கையாளும் வேகம், சொல்வழிக் கற்றல், காட்சிவழிக் கற்றல், சிக்கல் தீர்த்தல் ஆகியவற்றில் புள்ளியியல் அடிப்படையில் உறுதியான மாற்றம் இல்லை. பயிற்சியின் மொத்த அளவு கூடுதலாக இருந்த ஆய்வுகளிலும், உடற்பயிற்சி வல்லுநரின் மேற்பார்வை இருந்த ஆய்வுகளிலும் பயன் அதிகமாக இருந்தது.

பெரிய ஜெர்மனி ஆய்வு

ஜெர்மனியின் பல மையங்களில் 180 பேரைக் கொண்டு 6 மாதங்கள் நடத்தப்பட்ட பிந்தைய ஆய்வு, ஏரோபிக் பயிற்சியை உடல் நெகிழ்வு, வலு, சமநிலைப் பயிற்சிகளுடன் ஒப்பிட்டது. இரு குழுக்களிலும் முன்னேற்றம் காணப்பட்டது. ஆனால் ஏரோபிக் பயிற்சி மற்றதைவிடச் சிறந்தது எனக் காட்ட இயலவில்லை. பாதியில் விலகியவர்களும் மிகுதி.

முடிவுகளைப் புரிந்துகொள்ளுதல்

0.33 என்ற விளைவு அளவை எளிமையாக இப்படி விளக்கலாம். பயிற்சி பெறாத நோயாளிகள் 100 பேரை மதிப்பெண்படி குறைவிலிருந்து கூடுதலாக வரிசைப்படுத்தினால், நடுவில் இருப்பவர் 50ஆவது இடத்தில் இருப்பார். பயிற்சி பெற்ற சராசரி நோயாளி அதே வரிசையில் சுமார் 63ஆவது இடத்தில் இருப்பார். இது கவனிக்கத்தக்க முன்னேற்றம். ஆனால் நோயால் ஏற்பட்ட இடைவெளியின் ஒரு பகுதியை மட்டுமே இது ஈடுசெய்கிறது.

இம்முடிவுகளை ஏற்கும்போது சில வரம்புகளைக் கருத்தில் கொள்ள வேண்டும்.

- பெரும்பாலான ஆய்வுகள் சிறியவை. சிறிய ஆய்வுகளில் தற்செயலான வேறுபாடு பெரிய விளைவாகத் தோன்றக்கூடும்.
- மருந்தையும் வெற்று மாத்திரையையும் ஒப்பிடுவதுபோல் இங்குச் செய்ய இயலாது. தாம் உடற்பயிற்சி செய்கிறோம் என்பது பங்கேற்பவருக்குத் தெரியும். எதிர்பார்ப்பும் பயன் தரலாம்.
- பயிற்சிக்கு வருபவர் வீட்டைவிட்டு வெளியே வருகிறார், பிறருடன் பேசுகிறார், குறித்த நேரத்துக்கு எழுகிறார். சமூக அறிதலில் காணப்பட்ட முன்னேற்றத்தில் இவற்றுக்கும் பங்கு இருக்கலாம். இதனால்தான் சில ஆய்வுகள் மேசைக் கால்பந்து போன்ற கூட்டுச் செயல்பாட்டை ஒப்பீட்டுக்கு எடுத்துக்கொண்டன.
- ஆய்வுக்கு முன்வருபவர்கள் ஓரளவு ஊக்கம் உள்ளவர்கள். கடும் எதிர்மறை அறிகுறிகள் உள்ளவர்களுக்கு இம்முடிவுகள் அப்படியே பொருந்தும் எனக் கூற இயலாது.
- பல ஆய்வுகள் 3 மாதங்களில் முடிந்துவிடுகின்றன. பயிற்சியால் கூடும் உடல்திறன், பயிற்சியை நிறுத்திய சில வாரங்களிலேயே குறையத் தொடங்குகிறது. அறிதிறன் பயன் எவ்வளவு காலம் நிலைக்கும் என்பது தெளிவாகவில்லை.

பயிற்சியின் அளவும் முறையும்

பெரியவர்கள் அனைவருக்கும் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடங்கள் மிதமான தீவிரமுள்ள ஏரோபிக் செயல்பாட்டை உலக சுகாதார நிறுவனம் 2020இல் பரிந்துரைத்தது. கடும் மனநோய் உள்ளவர்களுக்கு உடற்பயிற்சியைச் சிகிச்சையின் பகுதியாக்க வேண்டும் என ஐரோப்பிய மனநல மருத்துவர் சங்கம் 2018இல் வழிகாட்டுதல் வெளியிட்டது. அறிதிறன் ஆய்வுகளில் பெரும்பாலும் வாரம் இரண்டு அல்லது மூன்று முறை, ஒவ்வொரு முறையும் 30 முதல் 60 நிமிடங்கள், குறைந்தது 12 வாரங்கள் என்ற அளவு பின்பற்றப்பட்டது.

பயிற்சியின் தீவிரத்தை அறிய இதயத்துடிப்பைக் கணக்கிடுவது வழக்கம். 220இலிருந்து வயதைக் கழித்தால் தோராயமான உச்சத் துடிப்பு கிடைக்கும். 40 வயதுள்ளவருக்கு அது 180. அதில் 60 முதல் 75 விழுக்காடு, அதாவது நிமிடத்துக்கு 108 முதல் 135 துடிப்பு என்பது மிதமான பயிற்சிக்கு ஏற்ற அளவு. ஆனால் குளோசபின் எடுப்பவர்களுக்கு ஓய்விலேயே துடிப்பு கூடுதலாக இருக்கும். உடல் பதற்றத்துக்காக புரோப்ரனலால் எடுப்பவர்களுக்குத் துடிப்பு எளிதில் உயராது. இவர்களுக்குப் பேச்சுச் சோதனை பொருத்தமானது: நடக்கும்போது வாக்கியமாகப் பேச முடிய வேண்டும், ஆனால் பாட முடியாத அளவுக்கு மூச்சு வாங்க வேண்டும்.

நெடுங்காலம் அசைவின்றி இருந்தவர் முதல் வாரத்திலேயே 30 நிமிடங்கள் நடக்க இயலாது. 5 அல்லது 10 நிமிட நடையில் தொடங்கி, வாரந்தோறும் சில நிமிடங்களைக் கூட்டிச் செல்வதே வழக்கமான முறை. தொடக்கத்தில் உடலைச் சூடுபடுத்தவும் இறுதியில் மெல்லத் தணிக்கவும் 5 நிமிடங்கள் ஒதுக்கப்படும்.

தொடர்வதில் உள்ள சிக்கல்

உடற்பயிற்சியால் பயன் பெற வேண்டியவர்களை அதிலிருந்து விலக்கி வைப்பதும் இந்நோயே. ஊக்கமின்மை இந்நோயின் அறிகுறி. மருந்துகள் தரும் தூக்கக்கலக்கம், உடல் எடை, வெளியில் பிறர் பார்க்கிறார்கள் என்ற அச்சம், பயிற்சி நேரத்தையே மறந்துவிடும் நினைவுக் குறைபாடு ஆகியவை இதனுடன் சேர்கின்றன. 2016இல் வெளியான ஒரு தொகுப்பாய்வின்படி, மனச்சிதைவு நோய் உள்ளவர்களுக்கான உடற்பயிற்சித் திட்டங்களில் சேர்ந்தவர்களில் நான்கில் ஒருவருக்குச் சற்று மேற்பட்டோர் இடையில் விலகினர். பயிற்சி பெற்ற வல்லுநர் வழிநடத்திய திட்டங்களில் விலகல் குறைவாக இருந்தது.

"தினமும் நடங்கள்" என்ற அறிவுரை மட்டும் போதாது என்பதையே இது உணர்த்துகிறது. தொடர்ந்து செய்ய உதவுபவையாகப் பின்வருவன குறிப்பிடப்படுகின்றன:

- நாள்தோறும் ஒரே நேரம், ஒரே பாதை. முடிவெடுக்கும் சுமையை இது குறைக்கிறது.
- உடன் நடக்க ஒருவர். இந்தியாவில் மனச்சிதைவு நோய் உள்ளவர்களில் பெரும்பாலோர் குடும்பத்துடன் வாழ்வதால், இப்பொறுப்பை உறவினர் ஏற்க இயல்கிறது.
- எழுதி ஒட்டிய அட்டவணை, கைப்பேசி நினைவூட்டல், நடந்த நாள்களைக் குறிக்கும் நாள்காட்டி.
- எடை குறைவதை இலக்காக வைக்காமல், வந்து சேர்ந்ததையே வெற்றியாகக் கருதுதல். எடை மெதுவாகவே குறையும். சில மருந்துகளில் குறையாமலும் போகலாம்.
- பிடித்த செயலைத் தேர்ந்தெடுத்தல். இறகுப்பந்து, நடனம், மிதிவண்டி, சந்தைக்கு நடந்து சென்று வருதல் என எதுவாகவும் இருக்கலாம்.

ஒரு வாரம் விட்டுப்போனால் திட்டம் தோற்றுவிட்டதாகக் கருதத் தேவையில்லை. வற்புறுத்தலும் குற்றம் சாட்டுதலும் பயன் தருவதில்லை. குடும்பத்தினரின் கடுமையான குறைகூறல் நோய் மீண்டும் தீவிரமடைவதுடன் தொடர்புடையது என்பது நெடுநாள்களாக அறியப்பட்ட ஒன்று.

பாதுகாப்பு

தகுந்த முன்னெச்சரிக்கையுடன் செய்யப்படும் மிதமான பயிற்சி மனச்சிதைவு நோய் உள்ளவர்களுக்குப் பாதுகாப்பானது. தொடங்குமுன் இரத்த அழுத்தம், இரத்தச் சர்க்கரை, எடை ஆகியவற்றைப் பரிசோதிப்பதும், இதயநோய் வாய்ப்பு உள்ளவர்களுக்கு இசிஜி எடுப்பதும் நல்லது. கவனிக்க வேண்டியவை:

- வெப்பம்: உளப்பிணி மருந்துகள் உடல் வெப்பநிலைச் சீராக்கத்தைப் பாதிக்கக்கூடியவை. ட்ரைஹெக்சிஃபெனிடில் வியர்வையைக் குறைக்கிறது. எனவே வெப்ப நாடுகளில், குறிப்பாகக் கோடையில், அதிகாலையிலோ மாலை வெயில் தாழ்ந்த பின்னரோ பயிற்சி செய்வது பாதுகாப்பானது.
- தலைச்சுற்றல்: சில மருந்துகளால், எழுந்து நிற்கும்போது இரத்த அழுத்தம் திடீரெனக் குறையும். படுத்திருந்தவர் சற்று நேரம் உட்கார்ந்த பின் எழ வேண்டும்.
- குளோசபின் தொடங்கிய முதல் வாரங்கள்: அரிதாக இதயத்தசை அழற்சி ஏற்படலாம். நெஞ்சுவலி, காய்ச்சல், வழக்கத்துக்கு மாறான மூச்சுத்திணறல் இருந்தால் பயிற்சியை நிறுத்தி உடனே மருத்துவரை அணுக வேண்டும்.
- நீரிழிவு: இன்சுலின் அல்லது சர்க்கரை குறைக்கும் மாத்திரை எடுப்பவர்களுக்குச் சர்க்கரை அளவுக்கு மீறிக் குறையலாம். இனிப்பு ஒன்றைக் கையில் வைத்திருப்பது வழக்கம்.
- நீர்: போதிய நீர் அருந்த வேண்டும். லித்தியமும் எடுப்பவர்களுக்கு நீரிழப்பு ஆபத்தானது. மறுபுறம், இந்நோயில் சிலருக்கு அளவுக்கு மீறி நீர் குடிக்கும் பழக்கம் உண்டு; இவர்கள் மருத்துவர் சொன்ன அளவைப் பின்பற்ற வேண்டும்.

நோய் தீவிரமாக உள்ள நாள்களில், அச்சமும் குழப்பமும் மிகுந்திருக்கும்போது, கட்டாயப்படுத்திப் பயிற்சி செய்விக்கக் கூடாது. பயிற்சியால் நலம் தெரிகிறது என்று மருந்தைத் தாமாகக் குறைப்பதோ நிறுத்துவதோ ஆபத்தானது. மேற்கூறிய ஆய்வுகளில் உடற்பயிற்சி வழக்கமான சிகிச்சைக்குத் துணையாகவே வழங்கப்பட்டது.

பிற சிகிச்சைகளுடன் இணைத்தல்

அறிதிறன் சீரமைப்புப் பயிற்சி என்பது கவனம், நினைவு முதலியவற்றைக் கணினியிலோ தாளிலோ மீண்டும் மீண்டும் பழக்கும் சிகிச்சை. உடற்பயிற்சி மூளையின் கற்கும் ஆற்றலைக் கூட்டுமானால், அந்நேரத்தில் இச்சீரமைப்புப் பயிற்சியையும் சேர்த்துக் கொடுப்பது இரட்டைப் பயன் தரும் என்ற கருத்து உள்ளது. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலிஸ் வளாகத்தில் கீத் நியூக்டர்லைன் குழு, நோயின் முதல் கட்டத்தில் உள்ள இளைஞர்களிடம் இதை ஆராய்ந்தது. அறிதிறன் பயிற்சி மட்டும் பெற்றவர்களைவிட, உடற்பயிற்சியும் சேர்த்துப் பெற்றவர்களிடம் கூடுதல் முன்னேற்றம் இருந்ததாக 2016இல் வெளியான முன்னோடி ஆய்வு தெரிவித்தது.

தேர்வு மதிப்பெண்ணில் வரும் முன்னேற்றம், அதைப் பயன்படுத்தும் வாய்ப்பு இருந்தால்தான் வாழ்க்கையில் முன்னேற்றமாக மாறும். கவனம் சற்றுக் கூடிய ஒருவருக்கு அதைச் செலுத்த ஒரு வேலையோ படிப்போ வீட்டுப் பொறுப்போ தேவை. ஆகவே மறுவாழ்வுத் திட்டங்களில் உடற்பயிற்சி, தொழிற்பயிற்சி, சமூகத்திறன் பயிற்சி, குடும்பத்தினருக்கான விளக்கம் ஆகியவை ஒன்றாக இணைக்கப்படுகின்றன. யாருக்கு எந்தப் பயிற்சி, எவ்வளவு காலம், நோயின் எந்தக் கட்டத்தில் மிகுந்த பயன் தரும் என்பவை தொடர்ந்து ஆராயப்பட்டு வருகின்றன.